நூற்று நாற்பது ஃபங்ஷனும் ஒரு பிரெயில் பிரிண்டரும்

செவ்வாய், 9 செப்டம்பர்

காலையிலிருந்து தூறல். குடை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் நின்றுவிட்டது. தாம்பரத்தில் எனக்கு மட்டும் இப்படித்தான் நடக்கும்.

ஹெடர் ஃபைல் கிடைத்துவிட்டது! பிரெயில் பிரிண்டரோடு வந்து நான்கு மாதமாகப் பியூலாவின் பள்ளி பீரோவில் கிடந்த சி.டி.யைப் படிக்க எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரிலும் வழி இல்லை. இன்று கல்லூரி லேபுக்கு எடுத்துப் போனேன். முரளி எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவைத் தோண்டி எடுத்தார். இரண்டு தட்டு, ஒரு ஊதல், ஓடிவிட்டது.

முரளி என் லேபில் டெக்னீஷியன். திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஃபங்ஷன் பேரெல்லாம் நம்மூர் பேரா கீது?" என்றார். உண்மைதான். ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில்: புள்ளி_போடு. பக்கம்_தள்ளு. சுத்தியல்_நிறுத்து. பிரிண்டர் செய்த கம்பெனி கிண்டிப் பக்கம் எங்கோ இருந்ததாம், இப்போது இல்லை. இதை எழுதிய மகராசன் யாரோ! கைகுலுக்க வேண்டும் போல இருக்கிறது.

எதற்கு இந்த ஆட்டம் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும்.

பியூலா என் தங்கை. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குப் பார்வை போனது. ஒன்பதாம் வகுப்பில் பார்வை இல்லாத ஆறு பிள்ளைகள் அவள் பொறுப்பு. பரீட்சையில் அவர்களுக்குக் கேள்வித்தாளை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார்கள். போன முறை கௌசல்யா என்ற பெண் இரண்டு கணக்கைத் தொடாமலே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மூணு தடவை கேட்டுட்டேன் மிஸ். நாலாவது தடவை படிங்கன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றாளாம். பியூலா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

கையால் பிரெயில் தாள் தயாரிக்க ஒரு நாள் ஆகும். ஆனால் கேள்வித்தாள் உறையைப் பரீட்சைக்கு முக்கால் மணி நேரம் முன்புதான் ஹெச்.எம். பிரிப்பார். அதற்குள் ஆறு பிரதி அடிக்க வேண்டும் என்றால் பிரிண்டர்தான். பிரிண்டரோடு வந்த புரோகிராமுக்கு ஆங்கிலம் மட்டும் தெரியும், கணக்குக் குறிகளைக் கண்டால் கேள்விக்குறி அடிக்கும். அதனால் என் தங்கை பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, கணக்கையும் தமிழையும் புள்ளிகளாக மாற்றும் புரோகிராமைத் தானே எழுதி முடித்துவிட்டாள். திரையை வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் பேசப் பேச, காதாலேயே.

பாக்கி ஒன்றுதான். புள்ளியைப் பிரிண்டரிடம் யார் சொல்வது? பிரிண்டரை இயக்கும் லைப்ரரிக்கு, அதாவது சி.டி.யில் வந்த கட்டளைத் தொகுப்புக்கு, சி மொழி மட்டும்தான் தெரியும்.

"சி எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் போறதில்ல. அது உன் டிபார்ட்மென்ட்" என்றாள்.

காலாண்டு கணக்குப் பரீட்சை 17ஆம் தேதி. 15ஆம் தேதி ஹெச்.எம். முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி படித்துக் காட்டுவதுதான்.

ஆறு நாள். ஜுரம் மாதிரி சந்தோஷம்.


புதன், 10 செப்டம்பர்

வெயில். புழுக்கம்.

ஹெடர் ஃபைல் ஒரு மெனு கார்டு, அவ்வளவுதான். உள்ளே என்னென்ன வேலை கிடைக்கும், எதைக் கொடுத்தால் எது வரும் என்று பட்டியல் மட்டும் இருக்கும். சமையல் எல்லாம் பூட்டிய லைப்ரரிக்குள். பட்டியலில் 140 ஃபங்ஷன், வேலைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பைத்தானுக்கும் சி-க்கும் நடுவில் நிற்கிற ரேப்பர் ஒன்று எழுத வேண்டும். கையால் எழுதினால் ஒரு மாதம். அதுவும் சி.டி.யில் ஹெடர் ஒன்றல்ல, மூன்று: பழசு, புதுசு, புதுசு-கடைசி. நம் பிரிண்டருக்கு எது என்று சொல்ல ஆள் இல்லை.

ஆகவே ஒரு ரேப்பரையும் நான் எழுதப் போவதில்லை. ஹெடரைப் படித்து 140 ரேப்பரையும் தானே எழுதித் தள்ளும் ஒரு புரோகிராம் எழுதுவேன். ஹெடர் தப்பு என்றால் அடுத்த ஹெடரைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் போயிற்று. சோம்பேறித்தனம் என்று அம்மா சொல்வாள். அதைத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்துக் கல்லூரியில் கற்பிக்கச் சொல்கிறார்கள்.

மதியம் முதல் ஓட்டம். 140-ல் 62 மட்டும் தேறியது. மற்ற 78-க்கும் முன்னால் 'வெளி' என்று ஒரு சொல். இது என்ன பண்டம்? அரை மணி நேரம் விழித்தேன்.

ஆறு மணி ரயிலில், காட்டாங்குளத்தூரில் ஏறி நின்றுகொண்டே யோசனை. பக்கத்தில் இரண்டு பையன்கள்.

"மச்சான், அது வெறும் லேபிள்டா. உள்ள இருக்கிறது அதே தண்ணிதான்."

பாட்டில் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. 'வெளி' ஒரு வகையும் அல்ல, ஒன்றும் அல்ல. வெளியாட்கள் கூப்பிடலாம் என்று ஒட்டிய வெறும் லேபிள். உரித்துப் போட்டுவிட்டுப் படிக்க வேண்டியதுதான். அந்தப் பையனுக்கு ஒரு சமோசா வாங்கித் தந்திருக்கலாம். வண்டலூர் தாண்டியதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திருத்தி ஓட்டினேன். 137! மீதி மூன்று எத்தனை பொருள் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ரகம். வேண்டாம், போகட்டும்.

பியூலாவை உட்காரவைத்து, "கூப்பிடு" என்றேன். லைப்ரரியின் பதிப்பு எண்ணைக் கேட்கும் ஃபங்ஷன். அவள் பைத்தானில் ஒரு வரி தட்டினாள். ஸ்கிரீன் ரீடர் தன் மரக்கட்டைக் குரலில் சொன்னது: "டூ பாயின்ட் ஒன்."

"ஐயோ அக்கா! பேசுது!"

இருவரும் கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். "என்னடி, பல்லியா?"


வியாழன், 11 செப்டம்பர்

வானிலை கவனிக்கவில்லை.

செய்ய: அரை நாள் லீவு (போட்டாயிற்று), கனத் தாள் ஒரு கட்டு, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

பள்ளியில் பிரிண்டரோடு நேருக்கு நேர். தையல் மிஷின் அளவு, இரண்டு மடங்கு சத்தம். 'பழசு' ஹெடர்: மூச்சே இல்லை. 'புதுசு': தாளைப் பாதி இழுத்து நின்றுவிட்டது. 'புதுசு-கடைசி': மறுபடி ரேப்பர்களை உண்டாக்க நான்கு விநாடி, கம்பைல் செய்து ஓடத் தயாராக்க ஒரு நிமிடம், பியூலா புள்ளி_போடு என்றாள்.

டக்.

ஒரே ஒரு புள்ளி. வெள்ளைத் தாளில் ஒரு சின்ன மேடு. பியூலா அதை விரலால் தொட்டாள். திருப்பித் தொட்டாள். அப்புறம் என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள். நான் மூக்கை உறிஞ்சினேன். அவள் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுவிட்டாள். "அழாத, வேல இருக்கு" என்று அதட்டல்.

பிறகு ஒரு முழுப் பக்கம். ஒரு பக்கத்துக்கு நாற்பது விநாடி! இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நடனம் ஆடாத குறை.

எட்டாவது பக்கத்தில் செத்தது. பைத்தான் மொத்தமும் மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினோம். இந்த முறை ஐந்தாவதில். மறுபடி. பதினொன்றில்.

ஒரே இடத்தில் சாகாத நோய்தான் மோசமான நோய். ஆறு பிரதி, பிரதிக்கு நான்கு பக்கம், மொத்தம் இருபத்து நான்கு அடிக்க வேண்டும், பதினொன்றைத் தாண்டவில்லை.

ஷேர் ஆட்டோவில் வீடு. மருந்து வாங்க மறந்தேன்.


வெள்ளி, 12 செப்டம்பர்

மூட்டம். என் மூஞ்சியும்.

நோய் என்ன என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. லைப்ரரி ஒரு பக்கத்துக்கு நினைவகத்தில் இடம் எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தை யாராவது ஒருவர் திருப்பிவிட வேண்டும், எங்கள் பாஷையில் 'ஃப்ரீ' பண்ண வேண்டும். ஒருவர் மட்டும். நாமும் விட்டு லைப்ரரியும் விட்டால் புரோகிராம் சாகும். இருவருமே விடாவிட்டால் நிரம்பி வழியும். என் ரேப்பர்கள் எல்லாவற்றையும் தாங்களே விட்டுக்கொண்டிருந்தன. லைப்ரரியும் சிலவற்றை விடுகிறது. எவற்றை? மெனு கார்டில் அது இல்லையே. சி மொழியில் அதை எழுத இடமே கிடையாது.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் இரண்டு வாரம். இருப்பது மூன்று நாள். கேன்டீனில் காபி ஆறிப்போய் ஆடை கட்டியது.

முரளி எதிரில் வந்து உட்கார்ந்தார். "இன்னா மேடம், பேஜாராயிட்டீங்க?"

சொன்னேன். சொன்னது பாதி புரிந்திருக்கும். அவர் கேட்டார்: "அந்த ஆளு ஹெடர்ல பச்சைக் கலர்ல ஏதோ எழுதி வெச்சிருந்தாரே, அதுல இல்லியா?"

பச்சைக் கலர். எங்கள் எடிட்டரில் குறிப்புகள் பச்சையாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை தேவையில்லை, மனிதர்கள் படிக்க. என் புரோகிராம் செய்யும் முதல் வேலையே குறிப்புகளைத் துடைத்துவிடுவது. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், புத்தகத்திலும் அப்படித்தான். நான் அந்த ஹெடரை ஒரு தடவைகூட மனுஷியாக உட்கார்ந்து படிக்கவில்லை! புரோகிராமைப் படிக்கவிட்டுவிட்டு ஹாயாக இருந்திருக்கிறேன். வெட்கக்கேடு. வகுப்பில் பிள்ளைகளிடம் "கமென்ட் படிங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

லேபுக்கு ஓடினேன். ஆங்கில எழுத்தில், வீட்டுத் தமிழில், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும்:

"இத நீ ஃப்ரீ பண்ணாத, நான் பாத்துக்கறேன்."

"இத நீதான் ஃப்ரீ பண்ணணும், என்ன கேக்காத."

"இதயும் நீதான்."

"மேல சொன்ன மாதிரியே."

"இது சரியா வேல செய்யுதான்னு எனக்கே தெரியல, சாரி."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. முரளி எட்டிப் பார்த்து, "ஆளு நல்ல மாதிரி மேடம்" என்றார். என் காபிக்கு அவரே போய்ச் சூடாக இன்னொன்று வாங்கி வந்தார். கும்பிட வேண்டிய மனிதர்.

அப்படியானால் வழி தெளிவு. குறிப்புகளைத் துடைக்காதே. அவற்றையும் படி. 'நீ' என்றால் ரேப்பர் விடட்டும், 'நான்' என்றால் ரேப்பர் தொடவே வேண்டாம்.


சனி, 13 செப்டம்பர்

லீவு. வெயில். அம்மா துணி துவைக்கும் உற்சாகத்தில்.

அந்த மகராசனுக்கு ஒரு சொல்லை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதும் வழக்கம் இல்லை. காலை முழுவதும் பட்டியல் எடுத்தேன். 'நீ' மட்டும் நான்கு விதமாக எழுதியிருக்கிறார். 'பண்ணாத'வுக்கு ஏழு விதம். "தொடாத", "கை வைக்காத", "அப்படியே விடு". ஓரிடத்தில் "அதுக்குன்னு ஆளு இருக்கு, நீ போ" என்று இருக்கிறது. அதையும் சேர்த்தேன்.

பியூலா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீன் ரீடரில் கேட்டுக் கேட்டு எனக்கு உதவி. அந்த ஆங்கிலக் குரல் தமிழை ஆங்கில எழுத்தில் படித்தால் எப்படி இருக்கும்! வெள்ளைக்காரர் முடிச்சூர் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுவது போல இருந்தது. அவளுக்கு மட்டும் எல்லாம் புரிகிறது.

மதியம் மீன் குழம்பு. எதிர்வீட்டுக்காரர் கோவளம் போய் வந்திருக்கிறார், ஒரு துண்டு வஞ்சிரம் நமக்கும்.

சாயங்காலம் கணக்கு: 'நீ' 48, 'நான்' 31, இரண்டும் தேவைப்படாதவை 56. இரண்டில் மட்டும் "எனக்கே தெரியல". அவற்றைப் பைத்தான் பக்கம் விடவே இல்லை. அவருக்கே தெரியாததை நான் எதற்குத் தொட வேண்டும்?

பிரிண்டர் இல்லாமலே ஆயிரம் பக்கம் எடுத்து விட்டு, எடுத்து விட்டு ஓட்டிப் பார்த்தேன். சாகவில்லை. இன்னும் ஆயிரம். நினைவகம் ஒரு இம்மியும் ஏறவில்லை.

நான் ஒரு கெட்டிக்காரி. இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிக்கொள்கிறேன்.


ஞாயிறு, 14 செப்டம்பர்

சர்ச். போதகர் பொறுமையைப் பற்றிப் பேசினார். நான் திங்கட்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பியூலா முழங்கையால் ஒரு இடி. "காலாட்டாத. பெஞ்சே ஆடுது."

கண் சொட்டு மருந்து வாங்கியாயிற்று. அம்மாவின் முறைப்பு குறையவில்லை.


திங்கள், 15 செப்டம்பர்

காலை எட்டேகால், ஹெச்.எம். அறைக்குப் பக்கத்து அறை. போன வருடத் தாள் பென் டிரைவில். ஹெச்.எம். மேடம் கையிலிருந்து வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பியூலாவே எல்லாம் செய்தாள். நான் சுவரோரம், கைகளைக் கட்டிக்கொண்டு. டகடகடக. ஐந்தாம் பக்கம். எட்டாம் பக்கம். எட்டில்தான் முதல் தடவை செத்தது. ஒன்பது. பதினைந்து. இருபத்து நான்கு!

பதினெட்டு நிமிடம்.

ஹெச்.எம். ஒரு தாளைத் தடவிப் பார்த்தார். "எனக்கு இது படிக்கத் தெரியாது. சரியா இருக்குன்னு யாரு சொல்றது?"

"நான் படிச்சுட்டேன் மேடம். சரியா இருக்கு."

"பரீட்சை அன்னிக்குப் படிச்சுப் பார்க்க நேரம் இருக்காது பியூலா. அடிச்சதும் கொடுத்துடணும். பாருங்க, புதன்கிழமை பண்ணலாம். விடை எழுதுறவங்க எப்பவும் போல பக்கத்துல இருப்பாங்க. கேள்விய பிள்ளைங்களே படிக்கட்டும். ஆனா அதுல ஒரு புள்ளி தப்பு வந்தாலும் அரையாண்டுலேர்ந்து பழையபடிதான். பிள்ளைங்க மார்க்குல விளையாட முடியாது."

நியாயமான பேச்சு. அதனால்தான் கோபம் அதிகம் வந்தது.

வெளியே வந்ததும் பியூலா என் கையைக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரி. அவளுக்கு அதுதான் கொண்டாட்டம்.


செவ்வாய், 16 செப்டம்பர்

மதியம் நல்ல மழை. லேபில் ஒரு ஜன்னல் ஒழுகுகிறது, முரளி வாளி வைத்தார்.

நாளைக்கு: லேப்டாப். சார்ஜர். பிரிண்டர் கேபிள் இரண்டு. கனத் தாள் இரண்டு கட்டு. லீவு லெட்டர். பியூலாவின் நீலப் புடவைக்கு இஸ்திரி (அவள் கட்டளை. "நீ மட்டும் பார்க்கிறியா, ஊரே பார்க்குது").

வேறொன்றையும் தொடக்கூடாது. ஓடுகிற புரோகிராமில் கை வைக்கக்கூடாது. கை அரிக்கிறது.


புதன், 17 செப்டம்பர்

மழை இல்லை. ஏழரைக்குப் பள்ளியில்.

9.15 உறை பிரிந்தது. 9.17 உறைக்குள் தாளோடு இருந்த பென் டிரைவ் பியூலா கையில். 9.38 ஆறு பிரதியும் பிள்ளைகள் மேசையில். சரியாக வந்தன, ஒரு தாளும் சிக்கவில்லை. பத்து மணிக்கு மணி அடித்தது. ஆறு பேரும் குனிந்து இரண்டு கையாலும் படித்தார்கள். அறையில் தாள் உரசும் சத்தம் மட்டும். படித்துக் காட்டும் குரல் ஒன்றுகூட இல்லை. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் பியூலா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.

10.40. கௌசல்யா கை தூக்கினாள்.

"மிஸ். ஏழாவது கேள்வி தப்பா இருக்கு."

நானும் பியூலாவும் எழுந்து உள்ளே போனோம். மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் ஹெச்.எம்.-ஐக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டார். பியூலாவின் முகம் சுண்டிவிட்டது.

கேள்வி: ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 7, 8, 16 செ.மீ. பரப்பளவு காண்க.

கௌசல்யா சொன்னாள், "ஏழும் எட்டும் சேர்ந்தாலே பதினஞ்சுதான் மிஸ். பதினாறு நீளக் கோட்டு மேல அது எப்படி மூடும்? ரெண்டு முனையும் தொடவே தொடாது."

பியூலா என் காதில், "அக்கா, பதிமூணா இருக்கணும். பிரெயில்ல மூணுக்கும் ஆறுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ரெண்டாம் புள்ளி கூடுதலா விழுந்தா மூணு ஆறாயிடும்."

கூடுதலாக ஒரு புள்ளி. என் ரேப்பர். எங்கோ நான் விடக்கூடாத ஒன்றை விட்டு, அங்கே குப்பை புகுந்து, ஒரு புள்ளி. ஆயிரம் பக்கம் ஓட்டிப் பார்த்தேனே. கெட்டிக்காரியாம் கெட்டிக்காரி. ஆறு பிரதியையும் பியூலா தடவிப் பார்த்தாள். ஆறிலும் பதினாறு.

ஹெச்.எம். வந்துவிட்டார்.

"ஒரிஜினல் தாளைக் காட்டுங்க மேடம்" என்றேன்.

அவர் கையில் இருந்த அச்சுத் தாளை விரித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார். இரண்டு தடவை படித்தார்.

"பதினாறுன்னுதான் இருக்கு" என்றார். "தாளே தப்பு." "பதிமூணு போட்டா கணக்கு சரியா வரும் மேடம்" என்றாள் பியூலா.

நாற்பது நிமிடமாக நான்கு செக்‌ஷனில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் அதே தாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

"அரையாண்டுக்கும் நீங்களே அடிச்சிடுங்க பியூலா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஹெச்.எம். மாடிப்படி இறங்கினார். பியூலா என் கையைக் கிள்ளினாள்.

இரண்டு நிமிடத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. "ஒன்பதாம் வகுப்பு கணக்குத் தாள். எல்லாரும் கவனிங்க. ஏழாவது கேள்வி, பதினாறு இல்ல, பதிமூணு. திருத்திக்குங்க." பக்கத்து அறைகளிலெல்லாம் ஐயோ என்று ஒரு முனகல், அழிக்கும் சத்தம்.

கௌசல்யா எட்டாவது கேள்விக்குப் போயிருந்தாள்.